பார்வையற்றோருக்குப் பல் துலக்கக் கற்பித்தல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

பார்வையற்ற குழந்தை வீட்டிலிருப்பின், அதற்கு நாமே சோறூட்டி, நாமே பல்லும் துலக்கி விடுகிறோம். அன்பினால் செய்வதாயினும் இவ்வழக்கம் நன்மை பயப்பதன்று. அறுவடை நாட்களில் வீட்டாருக்கு அவகாசமிராது. அன்று குழந்தையின் பல் துலக்கப்படாமலே போகும். துலக்கிவிட எவரும் இல்லாத காலம் வந்தால் அதன் கதி யாது? பல் துலக்கக் கண் இன்றியமையாததன்று. நம்முள் எவர்தாம் தமது கடைவாய்ப் பல்லின் உட்புறத்தைப் பார்த்துத் துலக்குகிறார்? கையும் நாவுமே நமக்கும் வழிகாட்டுகின்றன.

கர்நாடகத்தில், பெல்காம் நகரத்துப் பல் வைத்தியர்கள் 2012-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முறையொன்று இவ்வுண்மையையே ஆதாரமாகக் கொண்டது. செவியால் கேட்டு, விரலாலும் நாவாலும் தொட்டறிந்து, பின் தானே செய்து பழகும்படி பார்வையற்ற குழந்தைகளுக்கு அவர்கள் கற்பித்தனர். பற்களில் படியும் அழுக்கு குறைந்தது.

வீட்டில் கற்பிக்கும் விதம் வருமாறு. முதலில் குழந்தை தன் நாவைப் பற்களின்மேல் ஓட்டிப் பார்க்கட்டும். சொரசொரப்பாகவோ வழவழப்பின்றியோ தோன்றுமிடமே கிருமிகள் குடியிருக்குமிடம் என்றும், அவை தின்பண்டத்திலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக்கிப் பல்லை அரிக்கின்றன என்றும் சொல்லுங்கள். பிறகு, கழுவிய விரலால் பல்லும் ஈறும் சேருமிடத்தைத் தொட்டறியச் செய்யுங்கள். அடுத்து, மிருதுவான பிரஷை அதன் கையில் கொடுத்து, முன்னரே சொல்லிவிட்டு, அக்கைமேல் உங்கள் கையை வைத்து மெல்ல அசைத்துக் காட்டுங்கள். சொல்லாமல் வாயில் கைவைப்பது அச்சத்தை விளைவிக்கும். வலது மேற்பக்கத்தில் தொடங்கி, வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்னும் வரிசையை ஒருநாளும் மாற்றலாகாது. வரிசையே பார்வையற்றவருக்கு வரைபடம். முடிந்ததும் நாவால் மீண்டும் பரீக்ஷித்து, சொரசொரப்பான இடத்தை மறுபடி துலக்க வேண்டும்.

பற்பசையைப் பிரஷில் வைப்பது கடினமாயின் விரல்நுனியில் பிதுக்கிப் பல்லில் தடவிக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட சிறுவருக்குப் பட்டாணியளவு போதும். புளோரைடு கலந்த பசையே நன்று. செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்க்கும். ஒருவர் பிரஷை மற்றொருவர் எடுத்துவிடாதபடி அதன் காம்பில் நூல் சுற்றி வையுங்கள். களிம்புக் குழாயும் பற்பசைக் குழாயும் கைக்கு ஒன்றுபோலிருக்குமாதலால் அவற்றை ஒரே இடத்தில் வைக்கலாகாது. காலையிலும் இரவு படுக்குமுன்னும், இரண்டு நிமிஷம் துலக்குதல் வேண்டும்.

விரலும் நாவும் அறியாததும் ஒன்றுண்டு. சொத்தையின் தொடக்கமாகிய வெண்புள்ளி கண்ணுக்கே புலப்படும். ஆதலால் வீட்டார் மாதமொருமுறை வாயைப் பார்த்தலும், பல் வைத்தியரிடம் காட்டலும் அவசியம். துலக்கும்போது இரத்தச் சுவை தெரிந்தால் சொல்லும்படி பழக்குங்கள். அதற்காகத் துலக்குவதை நிறுத்துதல் தவறு. ஈற்றில் சேர்ந்த அழுக்கே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

அங்கத்தினர்களே! ஒருவர் மற்றவரைச் சுமப்பது கூட்டுறவன்று. ஒவ்வொருவரும் தம் காலில் நிற்கத் துணைபுரிவதே கூட்டுறவு. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ பார்வையற்றவர் இருப்பின், நாளைக் காலையில் பிரஷை அவர் கையிலேயே கொடுங்கள்.