மீன் தீனியில் பூண்டு



சிங்கப்பூருக்கு வரும் தோட்டத்து உறவினர்களைத் தேக்கா பக்கம் அழைத்துச் சென்றால், பஃபலோ ரோட்டுக் கடைகளில் பூண்டும் மஞ்சளும் வேப்பிலையும் இருப்பதைக் கண்டு மகிழ்வார்கள். இவற்றை மீனுக்கும் ஊட்டலாம் என்றால் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தாம்.

ஜொகூர் நீரிணையில் மிதக்கும் கூண்டுகளிலே கொடுவா மீன் வளர்க்கிறார்கள். சந்தையில் சியாக்காப் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். கூண்டில் மீன்கள் நெருக்கமாக இருப்பதால், ஒன்றுக்கு நோய் கண்டால் லயத்து வீடுகளில் அம்மை பரவுவதுபோல் பரவிவிடும். உடனே கிருமிக்கொல்லி மருந்தைத் தீனியில் கொட்டத் தோன்றும். ஆனால் அடிக்கடி மருந்து கண்ட கிருமி, பிறகு அதே மருந்துக்கு அசைவதில்லை. நாளைக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதும் அந்த மருந்து பயன்படாமல் போகலாம். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பச்சிலைப் பக்கம் திரும்பினார்கள்.

ஆய்வாளர்கள் சிலர் வேம்பு, துளசி, மஞ்சள் மூன்றின் சாற்றையும் தீனியில் கலந்து தங்கமீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புண் உண்டாக்கும் ஏரோமோனாஸ் கிருமியை எதிர்க்கும் வலு அவற்றுக்குக் கூடியது. ஸ்காட்லாந்தில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்கு 14 நாள் பூண்டு கலந்த தீனி கொடுத்து, பிறகு அதே கிருமியை ஏற்றினார்கள். பூண்டு தின்னாதவற்றில் 100-க்கு 88 மடிந்தன. தின்றவற்றில் 4 மட்டுமே. இது 2009-இல் வெளியான ஆய்வு. குளிர்நாட்டு மீனுக்குக் கிடைத்த பலன் நம் திலாப்பியாவுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பூண்டு, நோய் வருவதற்கு முன்பே கொடுக்கப்பட்டது. நோயுற்ற மீன் தீனியைத் தொடாது. தொடாத தீனியில் எதைக் கலந்து என்ன பயன்? எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சேமித்த பணத்தையெல்லாம் குஞ்சுகளில் போட்டது. மீன்கள் சோர்ந்ததும் வேப்பிலையை அண்டா நிறையக் காய்ச்சிக் குட்டையில் ஊற்றினார்கள். வேம்பு மிஞ்சினால் மீனுக்கு நஞ்சு. மறுநாள் காலை மிச்சமிருந்த மீன்களும் மிதந்தன.

2015-இல் இந்த நீரிணையில் நுண்பாசி பெருகி 500 டன்னுக்கும் அதிகமான மீன் மாண்டது. அது கிருமி நோயல்ல. அதற்குப் பூண்டும் உதவாது, மஞ்சளும் உதவாது. உங்கள் குட்டையில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், பெரும்பாலும் நீரில் காற்றுக் குறைவுதான். அப்போது தீனியை நிறுத்திப் புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

பூண்டு கொடுக்க விரும்புகிறவர்களுக்கு அந்த ஆய்வின் அளவு இது: 100 கிராம் தீனிக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை. பூண்டை நசுக்கிச் சற்று நேரம் வையுங்கள். நசுங்கிய பிறகே அல்லிசின் என்னும் காரச் சத்து பிறக்கிறது. பிறகு கொஞ்சம் கஞ்சி விட்டுத் தவிட்டுத் தீனியோடு பிசைந்து, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பில் வைத்து வேகவைத்தால் அந்தச் சத்து குன்றிவிடும். முதலில் சில மீன்களுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.