வீட்டு வரி ரசீதில் நூலக வரி



வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு தனியா போட்டிருக்கும். வீட்டு வரி 100 ரூபாய்னா இது 10 ரூபாய். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி வாங்குறது. ஊராட்சியோ மாநகராட்சியோ வசூல் பண்ணி, நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டணும். மாவட்டத்துக்கு ஒரு ஆணைக்குழு. சென்னை மாநகருக்குத் தனியா ஒண்ணு. நூலகம் நடத்தத்தான் அந்தப் பணம்.

எங்க ஊர் நூலகம் பாதி நாள் பூட்டியே கிடந்தது. பத்தாவது படிச்ச நாம என்னத்தக் கேக்குறதுன்னு இருந்துட்டேன். குழுக் கணக்குல அஞ்சு ரூபாய் இடிச்சா ஊக்குநரை விடுவோமா? ரசீது நகலோட ஆணைக்குழுவுக்கு மனு எழுதினோம். பன்னிரண்டு பேர் கையெழுத்து. இப்ப சாயந்திரம் திறக்குறாங்க. புதுப் புத்தகம் இன்னும் வரலை. அதுக்கும் மனு போட்டிருக்கு. நகல் பையில இருக்கு. வேணுங்கிறவங்க சாப்பாட்டு நேரத்துல வந்து பார்த்து எழுதிக்கோங்க.