ஓட்டல் முதலாளியும் அதிகாரப் பத்திரமும்

மாட்டுங்காவிலோ கரோல்பாகிலோ சிற்றுண்டிச்சாலை நடத்தும் தமிழர் ஒருவர், இரண்டு மாதம் ஊருக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவை மருமகனிடம் ஒப்படைப்பது எளிது. காசோலையில் கையொப்பமிடவும் குத்தகையைப் புதுப்பிக்கவும் வாய்ச்சொல் போதாது. அதிகாரப் பத்திரம் வேண்டும். வடக்கே இதனை 'முக்தார்நாமா' என்பர். நம்மவர்க்கு வெறும் 'பவர்'.

"சகல அதிகாரமும் அளித்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அது நம்பிக்கையன்று, அசிரத்தை. நீதிமன்றங்கள் இத்தகைய பத்திரத்தின் சொற்களுக்கு இறுக்கமாகவே பொருள் கொள்ளும். இன்ன வங்கிக் கணக்கு, இன்ன தொகை வரை, உரிமத்தைப் புதுப்பிக்கலாம், கடன் வாங்கலாகாது என்று விளங்க எழுதி, நோட்டரி முன்னிலையில் கையொப்பமிடுவதே முறை.

முதலாளி நோயுற்றுக் கிடந்தாலும் இப்பத்திரம் காக்கும் என்று குடும்பத்தார் நம்பியிருப்பர். உடல்நோய்க்கு அது சரி. ஆனால் அவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி மருமகனின் அதிகாரம் அற்றுப்போகும். மிகவும் தேவைப்படும் நாளில் பத்திரம் வெற்றுத் தாளாகிவிடுகிறது! ஆகவே உயிலும் எழுதி வைத்தல் வேண்டும். மூவராகக் கூட்டு வியாபாரம் அமைத்து, ஒருவர் மறைவால் கூட்டுக் கலையாது என ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் ஒரு வழி.

இடையில் மனவேற்றுமை நேர்ந்து பத்திரத்தை ரத்துச் செய்வோர், வங்கிக்கும் அரிசி மண்டிக்கும் கட்டட உடையவருக்கும் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். ரத்தானதை அறியாமல் மருமகனோடு அவர்கள் செய்யும் கொடுக்கல் வாங்கல் முதலாளியையே கட்டுப்படுத்தும்.