திசையறிந்து ஆள் அமைத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தண்டவாளம் ஒரு முழங்கூட இல்லாத தீவிலே ஒரு ரயில்வே குமாஸ்தாவைப் பேச அழைத்திருக்கிறீர்கள். 2017-இல் திக்லிப்பூர் வரை ரயில் பாதை போடுவதாகப் பேச்சு எழுந்தது. பாதை இன்னும் வந்தபாடில்லை. ஆயினும் ரயில்வேக்கும் இத்தீவுகளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அது மரத்தால் அமைந்த உறவு. இங்குள்ள காட்டு மரங்களில் அறுத்த சிலிப்பர் கட்டைகள் கடல் கடந்து சென்று, தாய்நாட்டின் தண்டவாளங்களைத் தாங்கிக் கிடந்தன. 1960-களின் பிற்பகுதி முதல் ரயில்வே கான்கிரீட் சிலிப்பர்களைக் கையாளத் தொடங்கியது. நாளடைவில் புதிய பாதைகளில் மரக்கட்டைக்கு இடமே இல்லாது போயிற்று. அந்தச் சேதியை இங்கே மரம் அறுத்துக்கொண்டிருந்த தொழிலாளிக்கு அன்று எடுத்துச் சொன்னவர் யார்? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

பெரிய நிறுவனங்களில் பணியாளர் இலாகா என்று ஒன்று உண்டு. இப்பொழுது அதனை மனிதவளத் துறை என்கிறார்கள். பெயர்ப் பலகை மாறியதே தவிர, லீவு விண்ணப்பம் மாறவில்லை. நிறுவனம் மாறுதலுக்கு உள்ளாகும் காலத்தில், வெளியே சட்டம், சந்தை, இயந்திரம், மக்கள் மனப்போக்கு ஆகியவை எத்திசையில் செல்கின்றன என்று முன்கூட்டியே நோட்டமிட்டு, அதற்கேற்ப ஆட்களைப் பயிற்றுவதும் இடம் மாற்றுவதும் அந்த இலாகாவின் கடமை. இதற்குச் சூழல் நோட்டம் என்று பெயர் சொல்லலாம்.

1967-இல் பிரான்சிஸ் அகிலார் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் குறித்து ஒரு நூல் எழுதினார். நோட்டத்தில் நான்கு படிகள் உண்டு என்பது அவர் கருத்து. எதையும் குறியாகக் கொள்ளாமல் பொதுவாகப் பார்த்து வைப்பது ஒன்று. ஒரு பொருளின்மீது கருத்து வைத்து, அதுபற்றிய சேதி கண்ணில் பட்டால் நின்று நோக்குவது மற்றொன்று. நான்கு பேரிடம் விசாரித்துத் தேடுவது மூன்றாவது. திட்டம் வகுத்து முறைப்படி தேடுவது நான்காவது. நம்மில் பெரும்பாலோர் முதற் படியிலேயே நின்றுவிடுகிறோம். பத்திரிகை வாசிக்கிறோம், அதோடு சரி.

இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. திருக்குறளின் பொருட்பாலைப் பாருங்கள். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வைத்த பின்னரே, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று ஆளைத் தேர்ந்து வேலை தரும் அதிகாரங்களை வைக்கிறார் வள்ளுவர். முதலில் சூழலை அறிந்துகொள், பிறகு ஆளைக் கவனி என்பது அந்த வைப்பு முறையிலேயே விளங்குகிறது. சற்றுத் தள்ளி ஒற்றாடல் என்ற அதிகாரமும் உண்டு. சேதி தானாக வந்து சேராது, அதற்கு ஆள் வைத்தாக வேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

எமக்குத் தெரிந்த ரயில்வேயிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். 1961-இல் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து மின்சார எஞ்சின் வெளிவந்தது. 1964-இல் வாரணாசித் தொழிற்சாலையிலிருந்து டீசல் எஞ்சின் வந்தது. 1972-இல் நீராவி எஞ்சின் கட்டுவதையே சித்தரஞ்சன் நிறுத்திவிட்டது. ஆனால் அகலப் பாதையில் நீராவி வண்டி ஓய்ந்தது 1995-இல்தான். இடையே இருபத்து மூன்று ஆண்டுகள்! கரி அள்ளிப் போட்ட பயர்மேனுக்கும், கொதிகலன் பழுதுபார்த்த தொழிலாளிக்கும், லோகோ ஷெட்டில் பணிபுரிந்த அனைவருக்கும் மாறிக்கொள்ள அவகாசம் இருந்தது. வயதானவர் ஓய்வு பெற்றார். இளையவர் பயிற்சி பெற்று டீசல் எஞ்சினில் உதவியாளராக ஏறினார். எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஊரை விட்டு ஊர் மாற்றப்பட்டுக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தவர் பலர். எனினும் அடுப்பில் உலை ஏறாமற் போகவில்லை.

இனி இத்தீவின் கதைக்கு வருவோம். சாத்தம் மர ஆலை 1883-இல் தொடங்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் வீசிய குண்டையும் தாங்கி மீண்டு எழுந்த ஆலை அது. பிளைவுட் ஆலைகளும் இங்கே நடந்தன. அவற்றுள் ஒன்று நம் பெரார்கஞ்ச் வட்டத்துப் பாம்பூபிளாட்டிலேயே இருந்தது. 1977-இல் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்துப் பிழைத்தன. மரமும் தோட்டமும் உள்ள வரை சோறு உண்டு என்பதே அன்றைய நம்பிக்கை.

அக்காலத்தில் வெளியே என்ன நடந்தது? 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இல் வெளியான தேசிய வனக் கொள்கை, ஆலைகள் காட்டை நம்பியிராமல் தமக்கு வேண்டிய மரத்தைத் தாமே வளர்ப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. கூடலூர்க் காடுகளைக் குறித்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் பொருந்தும் கட்டளை பிறப்பித்தது. கூடலூர் நமது நீலகிரியில் உள்ள ஊர். அங்கே விழுந்த பொறி கடல் தாண்டி இங்கே வரும் என்று யார் நினைத்தார்? 2001 அக்டோபரில் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை வந்தது. சேகர் சிங் ஆணையம் ஆராய்ந்து அறிக்கை தந்த பின், 2002 மே 7-ஆம் நாள், உள்ளூர் மக்களின் மெய்யான தேவைக்கன்றி ஆலைக்கோ வெளியூருக்கோ மரம் வெட்டலாகாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடுவதற்கு மத்திய மந்திரிசபை 2017 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது.

காட்டைக் காப்பதற்காக வந்த ஆணையை நாம் குறை கூறவில்லை. காடு போனால் குடிதண்ணீரும் போகும் என்பது தீவில் வாழ்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. நாம் கேட்பது வேறு. 1980 முதல் 2002 வரை கணக்கிட்டாலும் இருபத்திரண்டு ஆண்டுகள். நீராவி எஞ்சினுக்குக் கிடைத்த அவகாசத்திற்கு ஏறக்குறைய இது சமம். பயர்மேனுக்கு உதவிய அந்தக் காலம் மரத் தொழிலாளிக்கு ஏன் உதவவில்லை?

எமக்குப் புலப்படும் காரணங்கள் இரண்டு. ரயில்வே பல அறைகள் கொண்ட வீடு. ஓர் அறையை மூடினால் அடுத்த அறையில் படுத்துக்கொள்ளலாம். மர ஆலை ஒற்றை அறைக் குடிசை. இரண்டாவது காரணம் பதிவேடு. எத்தனை பேர், என்ன வயது, என்ன கை வேலை, இன்னும் எத்தனை ஆண்டு சர்வீஸ் என்று நிரந்தரச் சிப்பந்திக்கு ஒரு பதிவேடு உண்டு. தினக்கூலி மஸ்தூருக்கு அந்தப் பதிவேட்டில் வரியே இல்லை. பதிவேட்டில் இல்லாதவனுக்காக எந்த அதிகாரி திசை பார்க்கப் போகிறார்? வேண்டுமென்றே வஞ்சித்தார்கள் என்பதற்கில்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவே. பசிக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்பொழுதும் காற்று மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். 2023-இல் விமான நிலையத்தில் புதிய முனையம் திறந்தார்கள். அந்நகருக்கே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்; நாவு இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறது. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதை ஏற்பாரும் எதிர்ப்பாரும் உண்டு, வழக்கும் உண்டு. அத்தகைய திட்டம் எதுவாயினும் அதற்கு மண் சுமக்கும் ஆள் சில ஆண்டுகளுக்கு வேண்டும். பிறகு பளுதூக்கி இயக்குபவர், கணக்கர், மின் பணியாளர் வேண்டும். முதல் வகை வேலைக்கு நம் பிள்ளைகள் போய், இரண்டாம் வகைக்கு வெளியூரார் வந்தால், மர ஆலையின் கதைதான் மீண்டும்.

ஆதலின் சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். செலவில்லாத காரியம். நான்கு பேரை நியமியுங்கள். ஒருவர் அரசிதழையும் வேலை அறிவிப்புகளையும் பார்க்கட்டும். ஒருவர் நீதிமன்றச் சேதிகளைக் கவனிக்கட்டும். ஒருவர் துறைமுகத்திலும் ஒப்பந்தக்காரர்களிடமும் விசாரிக்கட்டும். நான்காமவர் ஒரு பெண்மணியாக இருப்பது நலம். எந்த வீட்டில் யாருக்கு வேலை போயிற்று என்பது பெண்களுக்கே முதலில் தெரிகிறது. காலனியில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் யார் என்ன வேலை, எது வரை படிப்பு, என்ன கைத்தொழில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தினக்கூலிக்காரர் பெயரை முதற் பக்கத்தில் எழுதுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, நால்வரும் தாம் கண்டதைக் கரும்பலகையில் எழுதட்டும். கரும்பலகை சங்கக் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. சீட்டுக் கணக்கை மட்டும் சற்று ஓரமாக எழுதிக்கொண்டால் போதும். நோட்டுக்குப் பக்கக் கோடு போட்டுத் தரும் வேலையை, குமாஸ்தா என்ற முறையில், நாமே ஏற்றுக்கொள்கிறோம்.