பிள்ளையின் சுவாசப்பையும் நமது பேரும்
(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் பற்றி இன்று பேசுகிறோம். இது நமது சம்பளத்தோடும் சம்பந்தப்பட்டது.

வயிற்றிலிருக்கும் பிள்ளை காற்றைச் சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் இரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியாகப் போகிறது. அதனால் பிள்ளையின் இதயம் சுவாசப்பைக்குக் கொஞ்ச இரத்தத்தையே அனுப்பும். பிறந்து முதல் மூச்சு எடுத்த பிறகுதான் சுவாசப்பையின் இரத்தக் குழாய்கள் நன்றாக விரியும்.

இந்த இரத்தவோட்டத்தைப் பார்ப்பதுதான் 'டொப்ளர்' ஸ்கேன். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஒலி அலை மட்டுமே. பெரும்பாலும் தொப்புள்கொடியின் ஓட்டத்தைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மட்டும் சுவாசப்பையையும் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில் துவாரம் இருக்கும். அதன் வழியே குடல் மேலேறி, சுவாசப்பையை வளரவிடாது. முன்கூட்டியே தெரிந்தால், வசதியுள்ள பெரிய வைத்தியசாலையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். தெரியாமல் போனால், பிறந்த பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது கையைப் பிசைந்து நிற்போம்.

ஆனால் நமது நிலைமை என்ன? டவுன் வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசும் கைக்காசு. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம். அந்த ஒரு மாதம் பிள்ளைக்குப் பெரிய காலம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: வைத்தியர் அட்டையில் எழுதிய ஸ்கேன் நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும்; தூரத்து டிவிஷன்களுக்கு வாகனம் தரவேண்டும். இது நடக்காத காரியமல்ல. முன்பு மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு 42 நாள்தான். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள்.

சகோதரிகளே, நாமும் செய்யவேண்டியது உண்டு. ஸ்கேன் திகதியைத் தவறவிடக்கூடாது. என்ன தெரிந்தது என்று வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். பிள்ளையின் அசைவு குறைந்தால் திகதி வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தலைவர்மாரே, அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காகக் கணக்கப்பிள்ளையிடம் பேசவேண்டியது நீங்கள்.

ஒரு நாள் பேருக்காக ஒரு பிள்ளையை இழக்க விடமாட்டோம்.