பிரிந்திருந்து கூடி உழைத்தல்

சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் நின்றால், ஒரு சாரார் பெங்களூருக்கும் மற்றொரு சாரார் சென்னைக்கும் புறப்படுவதைக் காணலாம். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் வட்டாரம் அது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறிற்று. கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. பிழைப்பு நாடி அயல் மாநிலம் செல்வது நம்மவர்க்குப் புதிதன்று.

ஆனால் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதிதாக ஒன்று நிகழ்ந்தது. பெருந்தொற்றினால் நாடெங்கும் அலுவலகங்கள் மூடப்பட்டன. ஊரைவிட்டுச் சென்ற இளைஞர் பலர் மடிக்கணினியும் கையுமாக வீடு திரும்பினர். ஆள் சித்தூரில், அலுவல் பெங்களூரில். நிலைமை சீரான பின்னரும், வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்னும் கலப்பு முறை பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது. மும்பையிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் வாழும் நம்மில் பலர் இன்று இம்முறையில்தான் உழைத்து வருகிறோம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே அறையில் அமர்ந்திருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரரின் முகவாட்டமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். திரையிலோ பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிகிறது. அவர் உடன்படுகிறாரா, ஐயுறுகிறாரா, அஞ்சி வாளாவிருக்கிறாரா என்பது விளங்குவதில்லை. எனவே, பிரிந்திருப்போர் ஒரு குழுவாவது எங்ஙனம் என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

இதற்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் அமைந்தபோது ஸ்ரீஹரிகோட்டா அதில் சேர்ந்தது. அத்தீவிலிருந்து விண்ணில் ஏறும் ஊர்தி ஓர் ஊரில் பிறப்பதன்று. அதனை வடிவமைப்போர் திருவனந்தபுரத்தில் இருப்பர். திரவ எரிபொருள் இயந்திரங்களைச் சோதிப்போர் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் இருப்பர். செயற்கைக்கோளைச் சமைப்போர் பெங்களூரில் இருப்பர். இவர்களின் தாய்மொழிகள் வேறு வேறு. ஆயினும் ஏவும் நொடி அனைவர்க்கும் ஒன்றே.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி, எஸ்.எல்.வி.-3 ஊர்தி முதன்முறையாக அங்கிருந்து ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். அன்று நடந்ததை அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் எடுத்துரைத்தார். ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி எச்சரித்து நிறுத்தியது. உடனிருந்த வல்லுநர்கள் தங்கள் கணக்கில் நம்பிக்கை தெரிவித்தனர். அவர் அவ்வெச்சரிக்கையைக் கடந்து ஏவ முடிவு செய்தார். ஊர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று பத்திரிகையாளர் முன் நின்றவர் கலாம் அல்லர். நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, தம் குழுவினர்மீது நம்பிக்கை தெரிவித்தார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி அதே வகை ஊர்தி ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று பேசுமாறு தவான் முன்னே அனுப்பியது கலாமை!

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2019-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். சந்திரயான்-2 புறப்பட ஆயத்தமாக நின்றது. குடியரசுத் தலைவர் நேரில் வந்திருந்தார். நாடு கண் விழித்திருந்தது. இன்னும் 56 நிமிடம் 24 நொடியே இருந்தபோது ஏவுதல் நிறுத்தப்பட்டது. தொழில்நுட்பக் குறையொன்று தென்பட்டதே காரணம். வந்த விருந்தினரை எண்ணியோ, நாளைய ஏச்சுக்கு அஞ்சியோ அக்குறையை எவரும் மூடிவைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி ஊர்தி செவ்வனே ஏறிற்று.

அப்பயணத்தின் தரையிறங்கு கலம் செப்டம்பர் 7-ஆம் தேதி நிலவில் இழக்கப்பட்டது உண்மையே. ஆனால் அத்தோல்வியையும் துருவி ஆராய்ந்தனர். என்னென்ன தவறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி அடுத்த கலத்தை அமைத்தனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் மெல்ல இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

இந்நிகழ்ச்சிகளைச் சேர்த்து எண்ணினால் ஓர் உண்மை புலப்படும். குழுவின் வலிமை கூடி அமர்வதில் இல்லை; குறையைக் கண்டவர் அதைக் கூசாமல் கூறுவதில் இருக்கிறது. பழி தன்மேல் விழும் என்று அஞ்சுகிறவர் கூறமாட்டார். அவ்வச்சத்தைப் போக்குவது தலைவரின் கடமை. தொலைவில் இருப்பவர்க்கு அவ்வச்சம் இரட்டிப்பு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம் அன்றாட அலுவலுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். அலுவலகத்தில் இருக்கும் நால்வர் தேநீர் அருந்தும்போதே ஒரு முடிவு செய்துவிடுகின்றனர். வீட்டில் இருக்கும் ஐந்தாமவர்க்கு அது மறுநாள்தான் தெரிகிறது. இவ்வாறு இருமுறை நடந்தால், மூன்றாம் முறை அவர் கருத்துச் சொல்லுவதை விட்டுவிடுவார். ஆகவே முடிவு எங்கே பிறந்தாலும், அன்றே அது எழுத்தில் அனைவர்க்கும் எட்டவேண்டும். கூட்டத்தில் தொலைவில் இருப்பவரை முதலில் பேசவிடுதல் நன்று. "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று பொதுவாகக் கேட்டால் மௌனமே விடையாகும். "இதில் தங்களுக்கு எது ஐயமாகப் படுகிறது?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டால் உண்மை வெளிப்படும்.

நம்மவர்க்கு உரியதாக இன்னொன்றும் உண்டு. அயல் மாநிலத்தில் இரண்டு தமிழர் ஓர் அலுவலகத்தில் சந்தித்தால் தமிழ் தானே பெருகிவிடும். அம்மகிழ்ச்சியைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் கூட்டத்தின் நடுவே நாம் தமிழில் இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்கும்போது, தெலுங்கரோ மராட்டியரோ ஒருவர் திரைக்கு அப்பால் தனித்து நிற்கிறார். முன்பொருநாள் வேறொருவர் மொழிக்கு நடுவே நாம் அப்படி நின்றிருக்கிறோம் அல்லவா? அந்த நோவை அறிந்த நாமே பிறர்க்கு அதைத் தரலாமா? தொழிற்பேச்சு அனைவர்க்கும் விளங்கும் மொழியில் நடக்கட்டும். தமிழ்ப்பேச்சுக்குத் தனிநேரம் இருக்கவே இருக்கிறது. சித்தூர்க் கடைத்தெருவில் வணிகர் வந்தவர் முகம் பார்த்து மொழியை மாற்றிக்கொள்கிறார். அந்தப் பண்பாடு நமக்கும் உரியதே.

நாளைக் காலை நாம் திரையைத் திறக்கும்போது, சில நாளாக வாய் திறவாத ஒரு பெயர் அதில் இருக்கக்கூடும். கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே தொலைபேசியில் அழைத்து, அலுவலைப் பற்றிப் பிறகு கேட்போம். முதலில் நலம் விசாரிப்போம். அவர் அறிந்த குறை ஒன்று, உரிய நேரத்தில் நம்மைக் காக்கக்கூடும்.