ஒத்த பாடமும் ஒத்த பிழையும்



சுவடி ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒத்துப்போனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால்தான், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா என்ற பேச்சே எழும். யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சி சிகாகோவில் செய்ததும் இதுதான்.

அங்கே மார்க் வில்லியம்ஸ் என்ற கம்பெனி 1980களின் தொடக்கத்தில் ‘கோஹெரென்ட்’ என்ற இயங்குதளத்தை விற்றது. கட்டளைகளின் பெயர் முதல் நடத்தை வரை யூனிக்ஸ் மாதிரியே. யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் சந்தேகப்பட்டு, ரிச்சியை அனுப்பியது. யூனிக்ஸில் தமக்குத் தெரிந்த வழுக்களும் கோணல்களும் இங்கேயும் தலைகாட்டுகின்றனவா என்று அவர் தேடினார். யூனிக்ஸை நன்றாகப் பயின்றவர்கள் எழுதியது என்று தெரிந்தது. படியெடுத்ததற்குத் தடயம் அகப்படவில்லை. விஷயம் அதோடு நின்றது. வக்கீலுக்கு முன்னால் ஒரு தேர்ந்த வாசகரை அனுப்பினார்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பத்தாண்டு கழித்து அந்த நிதானம் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கீத் பாஸ்டிக், யூனிக்ஸின் துணைநிரல்களை மூலத்தைப் பார்க்காமல், வெளியான விளக்கக் குறிப்புகளை மட்டும் வைத்துத் திரும்ப எழுதித் தரும்படி நிரலர்களைக் கேட்டார். கைம்மாறு, பெயர்ப்பட்டியலில் ஓர் இடம். நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். 1991இல் அந்தத் தொகுப்பு ‘நெட்/2’ என்று வெளியானபோது, இயங்குதளத்தின் கருவில் (kernel) ஆறே கோப்புகள் பாக்கி. அவற்றையும் நிரப்பி ஒரு நிறுவனம் 995 டாலருக்கு விற்றது. அவர்கள் வாங்கிய தொலைபேசி எண்ணை எழுத்தில் வாசித்தால் ‘இட்ஸ் யூனிக்ஸ்’ என்று வரும். இந்தக் குறும்பு தேவைதானா! 1992இல் ஏடி அண்ட் டி தரப்பு வழக்குத் தொடுத்தது. மறுஆண்டு நீதிபதி டெபவாய்ஸ் இடைக்காலத் தடை தர மறுத்தார்: பழைய பதிப்பொன்றைப் பதிப்புரிமைக் குறிப்பே இல்லாமல் ஏடி அண்ட் டி விநியோகித்திருந்தது. 1994 சமரசத்தில், சுமார் 18,000 கோப்புகளில் நீக்க நேர்ந்தவை 3.

பதிப்புரிமையைவிட எனக்கு உறுத்துவது தொழில் இரகசியம். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் நடத்தக் கூடாது என்றது. ஆறாம் பதிப்புக்கு ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் எழுதிய உரைநூல் ஜெராக்ஸின் ஜெராக்ஸாகக் கைமாறியது. ஆம்ஸ்டர்டாமில் டானன்பாம், பாடம் நடத்த வழியின்றி ‘மினிக்ஸ்’ இயங்குதளத்தைத் தாமே எழுதி 1987இல் வெளியிட்டார். மூலமும் உரையுமாகவே நூல்களைப் படித்து வந்த நமக்கு இந்தத் தடை விசித்திரமாகப் படும்.

நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனித்து எழுதிய நிரல் இன்னொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான விவரத்தை, வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, ஆராய்ந்தறிய இடம் தருகிறது. ‘ஆராய மாட்டேன்’ என்று உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் கதி? முதல் அமர்வு அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். இருபது நிமிடம்; பிறகு மணி அடிப்பேன்.